சனிக்கிழமைக் கூலி எங்கே போகிறது?

தென்னூர் உழவர் சந்தை மைதானத்தைத் திருச்சித் தோழர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கட்சி எதுவானாலும், மேடை போட வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வரும் இடம் அது. காலையில் கீரையும் கத்தரிக்காயும் விலை போகும். மாலையில் அதே வட்டாரத்தில் கோஷம் முழங்கும். நாமும் அங்கே எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். கொடி கட்டியிருக்கிறோம், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறோம், கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் என்று தொண்டை கம்மப் பேசியிருக்கிறோம். கூட்டம் முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு நடப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறோம்.

நம் கிளையில் ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய குடும்பம் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறது. பெயிண்டர் வேலை. பகலில் தில்லைநகரிலும் சாஸ்திரி ரோட்டிலும் எழும்பும் மாடிகளுக்குச் சாரம் கட்டி வர்ணம் பூசுவார். இரவில் நம் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்; ஆனால் சுவரில் எழுத உட்கார்ந்தால் ஓர் ஒற்றுப் பிழை வராது. நம்மில் பட்டம் பெற்றவர்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தையே திருத்தியவர் அவர்.

கூட்டம் முடிந்த இரவுகளில் அவருக்கும் உடன் உழைத்த நால்வருக்கும் ‘செலவுக்கு’க் கொடுப்பது கிளையின் வழக்கமாக இருந்தது. அது என்ன செலவு என்று நாம் விளக்கிச் சொல்ல வேண்டுமா? கணக்குப் புத்தகத்தில் அது ‘தேநீர், சிற்றுண்டி’ என்று ஏறும். கொடுத்தவர்கள் நாம்தான். பசை வாளி தூக்கியவனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பெருமையாகவும் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் அவருடைய துணைவியார் நம்மைத் தெருவிலே நிறுத்தினார். “அண்ணே, கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வேணாங்கல. போறப்ப எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ, அப்படியே கொண்டாந்து விட்டுருங்க” என்றார். “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிவிட்டு நடந்தோம். அடுத்த கூட்டத்துக்கும் ‘செலவு’ கொடுத்தோம்.

நாற்பத்தொரு வயதில் அவர் மறைந்தார். மகோதரம் கண்டு வயிறு ஊதி, கண் மஞ்சளித்து, கடைசியில் இரத்தமாக வாந்தியெடுத்துப் போனார். நாம் மாலை வைத்தோம், கொடி போர்த்தினோம், இரங்கல் கூட்டத்தில், உழைப்பால் உருக்குலைந்த தோழர் என்று பேசினோம். உழைப்பால் மட்டுமா உருக்குலைந்தார்? அந்த அம்மையார் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதைக் கண்ணீர் வரவழைக்கச் சொல்லவில்லை. கணக்குப் பார்க்கச் சொல்கிறோம்.

உயர்ந்த கூலியும் ஒழுகும் பையும்

2024 பிப்ரவரியில் டாஸ்மாக் கடையில் சாதாரண ரகக் குவார்ட்டரின் விலை 130 ரூபாயிலிருந்து 140 ரூபாயாக உயர்ந்தது. நாள் ஒன்றுக்கு இரண்டு குவார்ட்டர் குடிக்கும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அந்த விலைக்கு நாளைக்கு 280 ரூபாய். மாதத்துக்கு 8,400. வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தண்ணீர்ப் பாக்கெட்டும் சுண்டலும் தனி. நாம் மூன்று மாதம் வாயில் முன் நின்று, அதிகாரியிடம் மனுக் கொடுத்து, இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்து, நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் கூட்டி வாங்கித் தருகிறோம் என்று வையுங்கள். அது அரைக் குவார்ட்டருக்குக்கூடக் காணாது!

இந்தப் பணம் எங்கே போகிறது? 2003 நவம்பர் 29 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுக்கடைகளைச் சர்க்காரே நடத்தத் தொடங்கியது. ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாக 2003-04இல் கஜானாவுக்கு வந்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி. கோட்டையில் கொடி மாறியது, ஆட்கள் மாறினார்கள், இந்த வரவு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. பங்களாவாசியும் குடிக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. அவனுடைய வருமானத்தில் அது ஒரு துளி. நம் தோழனுக்கு அது பாதிக் கூலி. ஏழையிடம் அதிக விகிதத்திலும் பணக்காரனிடம் குறைந்த விகிதத்திலும் பிடிக்கிற வரி ஒன்று உலகில் உண்டென்றால், அது இந்தப் பாட்டிலில் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போனதே, துண்டு விழுந்த இடத்தை எப்படி நிரப்புவது? 1939இல் விற்பனை வரி போட்டார்கள். சென்னை மாகாணத்தில் பிறந்த அந்தப் பொது விற்பனை வரிதான் இந்தியாவுக்கே முன்மாதிரி. குடியை ஒழித்ததற்கு ஈடாக உப்பு, புளி, துணி வாங்குகிறவன் கொடுக்க வேண்டிய வரி என்று சொல்லாமல் சொல்லப்பட்டது. நல்லது. பிறகு என்ன நடந்தது? யுத்த காலத்தில் 1943இல் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது; மறுபடி வந்து 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971 ஆகஸ்ட் 30இல் ஒத்திவைக்கப்பட்டது; 1974இல் திரும்பியது; 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. குடி போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. விற்பனை வரி மட்டும் ஒரு நாளும் போகவில்லை! குடியாமைக்காகப் போட்ட வரியையும் கொடுக்கிறான், குடிக்கும் வரியையும் கொடுக்கிறான் நம் பாட்டாளி.

கூலியையும் குடியையும் பிணைத்துவைப்பது முதலாளிமாருக்குப் பழகிய தந்திரம். இங்கிலாந்தில் சம்பளத்தைச் சாராயக்கடையில் வைத்துப் பட்டுவாடா செய்யும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்க 1883இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்காவின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். நம் ஊரில் யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற வழியில் கடை இருந்தால் போதுமே.

காலையில் நடுங்கும் கை

“நிறுத்தடா என்றால் நிறுத்த வேண்டியதுதானே? மன உறுதி இல்லாத பயல்” என்று சொல்கிறவர்கள் நம்மிலும் உண்டு. நாமும் சொல்லியிருக்கிறோம். அது அறியாமை என்று பிறகுதான் தெரிந்தது.

நம் பெயிண்டர் தோழருக்குக் கடைசி இரண்டு வருஷத்தில் காலை வேளையில் கை நடுங்கும். பிரஷ் நிற்காது, கோடு கோணும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் கை நிலைக்கும். கோடு நேராக வரும். கடையை மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று 2016 மே மாதத்தில் சர்க்கார் நேரத்தை மாற்றியது. ஆனால் விடியற்காலையில் ‘பிளாக்’கில் பாட்டில் கிடைப்பது ஊரறிந்த இரகசியம். அவர் காலையில் குடித்தது கொண்டாட்டத்துக்கு அல்ல, பிரஷ் பிடிக்க.

இதன் சூட்சுமத்தை டாக்டர்கள் விளக்குகிறார்கள். மது மூளையின் வேகத்தைத் தணிக்கிறது. நாள்தோறும் ஊற்றிக்கொண்டே இருந்தால், அதை எதிர்த்து ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று ஊற்றுவதை நிறுத்தினால், பிரேக் அறுந்த லாரிபோல ஓடுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. ஒன்றிரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு. இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, உடம்பில் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பிதற்றும் நிலை வரும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ஆகையால் நெடுநாள் குடித்தவரைக் கோயிலில் சத்தியம் வாங்கியோ அறையில் பூட்டியோ ஒரே நாளில் நிறுத்தச் செய்வது ஆபத்து. டாக்டர் கண்காணிப்பில் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, ஐந்தாறு நாளில் பக்குவமாக இறக்கும் வழி இருக்கிறது.

இதை நாடே ஒருமுறை பார்த்தது. 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடப்பட்டன. குடிக்கு அடிமையான எத்தனையோ பேர் ஒரே நாளில் மருந்தும் இல்லாமல் டாக்டரும் இல்லாமல் நின்றார்கள். வார்னிஷையும் சானிடைசரையும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. மே 7ஆம் நாள் கடைகள் திறந்தன. அன்று ஒரே நாளில் 172 கோடி ரூபாய்க்கு விற்பனை. திருச்சி மண்டலத்தில் மட்டும் 45 கோடிக்கு மேல். சென்னையில் அன்று கடை திறக்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். நாற்பது நாள் வேலையில்லாமல் கிடந்த மாநிலத்தில் அந்த 172 கோடி எங்கிருந்து வந்தது? அடகுக் கடையிலிருந்தும் அம்மாவின் சுருக்குப் பையிலிருந்தும் நிவாரணப் பணத்திலிருந்தும் வந்தது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5.7 கோடிக்கு மேல் என்றது. குடிக்கு முற்றிலும் அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேருக்குக் கிடைத்தது என்ன? திட்டு, உதை, சத்தியம், தாயத்து.

உடம்பைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஈரல் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாய், தொண்டை, உணவுக்குழல், மார்பு ஆகியவற்றில் புற்றுநோய்க்கும் மது காரணம் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. ‘அளவோடு குடித்தால் மருந்து’ என்று பாரில் பேசுகிற டாக்டர்களை நம்ப வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஆனால் வேலைத்தலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே தோழர் ஒருநாள் காலை சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நஷ்டஈடு கேட்கச் சங்கத்தின் சார்பில் போனோம். காண்டிராக்டர் ஒரே பேச்சில் முடித்தார்: “உங்க ஆளு போதையில ஏறுனாரு.” நம்மால் வாய் திறக்க முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை. 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே அந்த வாசல் வைக்கப்பட்டிருந்தது. சாவோ நிரந்தர முழு ஊனமோ நேராத காயமாக இருந்து, அது தொழிலாளி போதையில் இருந்ததால் நேர்ந்தது என்று காட்டப்பட்டால், முதலாளி ஈடு கொடுக்க வேண்டியதில்லை. வார் அறுந்த சாரம், இடுப்புக்குக் கயிறு தராத குற்றம், தலைக்கவசம் தராத குற்றம் எல்லாம் அந்த ஒரு குவார்ட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. முதலாளியின் வக்கீலுக்கு இதைவிடச் சுலபமான வழக்கு உண்டா?

வீட்டுக்குள்ளே

குடிக்கும் தோழர்களைக் கேட்டால், “என் காசில் நான் குடிக்கிறேன், எவனுக்கு என்ன?” என்பார்கள். சரி, உன் காசுதான். ஆனால் உன் வீட்டில் எத்தனை பேர்? தேசியக் குடும்பநல ஆய்வுகள் ஒன்று சொல்கின்றன. அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவரைக் கொண்ட பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். குடிக்காத கணவரைக் கொண்டவர்களில் அது நான்கில் ஒருவருக்கும் குறைவு. முதலாளி ஒரு தொழிலாளியைக் கைநீட்டி அடித்தால் ஆலையை நிறுத்துவோம் நாம். இரவு பத்து மணிக்கு நம் உறுப்பினர் வீட்டிலிருந்து அலறல் கேட்டால், ‘குடும்ப விவகாரம்’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

அந்த வீட்டுப் பெண்தான் காலையில் எழுந்து நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள், பூக்கட்டுகிறாள், சுயஉதவிக் குழுவில் கடன் வாங்குகிறாள். வாரத் தவணை கட்டுகிறவளும் அவளே. புருஷன் குடித்த கடனுக்குத்தான் அந்தத் தவணை போகிறது என்று கடன் கொடுத்தவன் எழுதி வைப்பதில்லை. பையன் பத்தாவதோடு நின்றுவிடுகிறான். அப்பனுக்குப் பதிலாகச் சாரம் ஏறுகிறான். அவனும் ஒருநாள் கடை வாசலில் நிற்கிறான்.

இல்லை, இப்போது அவன் கடை வாசலுக்கும் வருவதில்லை. இளைஞர்கள் வேறு திக்கில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கஞ்சாப் பொட்டலம் ஒருபுறம். பள்ளிப் பிள்ளைகளின் உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலம் ஒருபுறம். எல்லாவற்றையும்விடக் கொடியது, கடும் வலிக்கென்று டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைக் கள்ளத்தனமாக வாங்கி, நீரில் கரைத்து, ஊசியால் நரம்பில் ஏற்றிக்கொள்வது. திருச்சியில் போதை மாத்திரை விற்றவர்கள் கைது என்ற செய்தியைப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். மாத்திரையில் உள்ள சுண்ணமும் மாவும் கரையாமல் போய் இரத்தக் குழாயை அடைக்கின்றன. கை புண்ணாகி அழுகுகிறது. ஒரே ஊசியை நால்வர் பகிர்ந்தால் எய்ட்ஸ் கிருமியும் ஈரல் அழற்சிக் கிருமியும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. இருபது வயதுப் பையன் இவன். சங்கத்துக்கு வர வேண்டிய வயது. முழுக்கைச் சட்டையை வெயிலிலும் மடிக்காமல் போட்டிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

மூடச் சொன்னவர்கள்

“கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்” என்று சர்க்கார் தரப்பில் சொல்வது வாடிக்கை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். மெத்தனால் கலந்த விஷம். கண் பார்வை போய், மூச்சுத் திணறிச் செத்தார்கள். அப்போது கள்ளக்குறிச்சியில் டாஸ்மாக் கடைகள் மூடியா கிடந்தன? திறந்துதான் இருந்தன. அங்கே 140 ரூபாய் கொடுக்க முடியாதவன் மலிவான பாக்கெட்டைத் தேடிப் போனான். கடை கள்ளச்சாராயத்தைத் தடுக்கவில்லை. அதற்கு ஆள் தயாரித்துக் கொடுத்தது.

அதே வேளையில், கடையை மூடிவிட்டால் மறுநாளே விடிந்துவிடும் என்றும் நாம் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் 1948 முதல் 1971 வரை இருந்த மதுவிலக்குக் காலத்தை மறந்தவர்கள். ஆற்றங்கரை ஊறலும், போலீஸ் மாமூலும், ‘பர்மிட்’ வைத்துக்கொண்டு குடித்த பெரிய மனிதர்களும் இருந்த காலம் அது. 1921இல் கள்ளுக்கடை மறியலின்போது தம் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த பெரியாரே, பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்காமல் எழுதினார். சட்டம் வேண்டும், ஆனால் சட்டத்தோடு முடியாது.

கடையை மூடச் சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. 2015 ஜூலை 31இல் குமரி மாவட்டம் மார்த்தாண்டம் அருகே, கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அதே வருஷம் அக்டோபர் 30இல் நம் திருச்சியில், மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன், டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக வீட்டிலிருந்து கைது செய்யப்பட்டார். போட்ட சட்டப்பிரிவு 124-ஏ, ராஜத்துரோகம்! திலகர் மேலும் காந்தி மேலும் வெள்ளைக்காரன் போட்ட பிரிவு. அந்த அமைப்போடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். சாராயத்துக்கு எதிராகப் பாடுவது ராஜாவுக்குத் துரோகம் என்றால், ராஜா யார் என்பது விளங்கிவிட்டதல்லவா?

தொழிற்சங்கத் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. பிலாய் உருக்காலைக்கு இரும்புக் கனி தோண்டித் தரும் தல்லி ராஜ்ஹரா. அங்கே 1977இல் ஒப்பந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டார்கள். அந்த ஜூன் மாதத்திலேயே துப்பாக்கிச் சூட்டில் பதினோரு தோழர்களைப் பறிகொடுத்தார்கள். போராடிக் கூலியை உயர்த்தினார்கள். பிறகு பார்த்தால், உயர்ந்த கூலி வீட்டுக்குப் போகவில்லை, சாராயக்கடைக்குப் போயிற்று. பெண்கள் சங்கத்தின் முன் வந்து நின்று கேட்டார்கள். அந்தச் சங்கம், “சரிம்மா, சரிம்மா” என்று நடந்துவிடவில்லை. குடி எதிர்ப்பைச் சங்கத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டது. உறுப்பினர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது, தெருத்தெருவாகப் பேசியது, சாராய வியாபாரிகளின் பகையைச் சம்பாதித்தது. 1983இல் தொழிலாளர்கள் தம் கையாலேயே கட்டி, மாண்ட தோழர்களின் நினைவாக ஓர் ஆஸ்பத்திரியும் திறந்தார்கள். நியோகி 1991 செப்டம்பர் 28இல் உறக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்பத்திரி நின்றது.

ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா என்ற கிராமத்தில், இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்க வந்த பெண்கள் சாராயக்கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ 1992இல் மாவட்டமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர சர்க்கார் சாராயத்தையே தடை செய்ய வேண்டி வந்தது. பிறகு முழு மதுவிலக்கு வந்ததும் அது 1997இல் தளர்ந்ததும் வேறு கதை. எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் ஒரு சர்க்காரின் வரவு செலவை அசைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தென்னூரில் நாம் செய்தது என்ன? ‘செலவு’ கொடுத்தோம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் கொடுக்கின்றன, நாமும் கொடுத்தால்தான் ஊர்வலத்துக்கு ஆள் வரும் என்றோம். குடித்துவிட்டு வந்த கூட்டம் கைதட்டும். காலையில் எதற்குக் கைதட்டியது என்று அதற்கு நினைவிருக்காது. அந்தக் கூட்டத்தை நம்பியா கூலிப் போராட்டம் நடத்துவது?

சென்ற மாதக் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசினோம். சண்டையாகத்தான் பேசினோம். “ஒழுக்கப் பாடம் நடத்த மடமா இது?” என்று ஒருவர் கேட்டார். “குடிக்கிறவனை எல்லாம் நீக்கினால் கொடி பிடிக்க யார் இருக்கிறான்?” என்று மற்றொருவர் கேட்டார். இரண்டாவது கேள்வி நியாயமானது. நீக்குவதற்கு யாரும் கேட்கவில்லை. நோயாளியை நீக்கும் ஆஸ்பத்திரி உண்டா? கடைசியில் மூன்று தீர்மானங்கள் ஆயின. கட்சிக் காசிலோ சங்கக் காசிலோ யாருக்கும் மது வாங்கித் தரக் கூடாது. ‘தேநீர், சிற்றுண்டி’ என்றால் தேநீரும் சிற்றுண்டியுமாகவே இருக்க வேண்டும். சனிக்கிழமைக் கூலியைக் குடும்பத்தார் வங்கிக் கணக்கில் நேரே செலுத்தச் சம்மதிக்கும் தோழர்களுக்காகக் காண்டிராக்டர்களிடம் சங்கம் பேச வேண்டும். விட நினைக்கும் தோழரோடு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. “கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்” என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை ஒன்று மருத்துவத்தில் உண்டுதான். அதை நோயாளி அறிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லி உண்ண வேண்டும். தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே மோசம் வரலாம். அடித்து உதைத்துத் திருத்துவதாகச் சொல்லும் பதிவில்லாத விடுதிகளுக்கும் பணம் அழ வேண்டாம். சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது; காசு கேட்க மாட்டார்கள். 14446 என்ற தேசிய இலவசத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம். சென்னையில் 1980இல், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, காவிரி டெல்டாவில் மஞ்சக்குடிக் கிராமத்துக்கே போய் முகாம் போட்டு ஏழை உழவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறது. ஒருமுறை விட்டவர் மறுபடி தொட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடக் கூடாது என்கிறார்கள் இந்தத் துறையில் உழைத்தவர்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருநாள் லட்டுத் தின்றுவிட்டால் வைத்தியத்தை நிறுத்திவிடுகிறோமா?

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபோது ஒரு தோழர் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் வாசலிலேயே நின்றார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர். “தோழர், புத்தூர் ஆஸ்பத்திரியில அதுக்கு எந்தப் பக்கமா போகணும்?” என்று கேட்டார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பெரியாஸ்பத்திரி வாசல். கிளையிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். சீட்டு வாங்கும் வரிசையில் ஒருவர் நிற்பார், இன்னொருவர் அவர் பக்கத்திலேயே இருப்பார். ஆதார் அட்டை, ஒரு மாற்று வேட்டி, துண்டு, பழைய மருந்துச் சீட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். அதற்கு முன் தானாகவே அடியோடு நிறுத்திவிட வேண்டாம், கை நடுங்கினால் உடனே போன் செய்யுங்கள் என்றும் சொல்லியிருக்கிறோம். வீட்டிலும் கூட வருவார்களா என்று கேட்டோம். அவர் துணைவியாரிடமே போனைக் கொடுத்துவிட்டார்.

“ஆறு மணிக்கே வந்துடுறோம் அண்ணே” என்றார் அந்த அம்மா.